கண்ணின் திரையைக் கண்டவர்: சேர் சி. வி. இராமன்

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்தம் புகழுக்குக் காரணமான ஒரு செயலை எடுத்து, அதனையே திரும்பத் திரும்பச் சொல்லி அமைவது வழக்கம். சேர் சந்திரசேகர வேங்கட இராமன் அவர்களைப் பற்றி எழுதுவோரும் இவ்வழக்கிற்கு விலக்கல்லர். 1928ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 28ஆம் நாள் அவர் கண்ட ‘இராமன் விளைவு’, 1930இல் அதற்குக் கிடைத்த நோபல் பரிசு என்னும் இரண்டையும் கூறி முடித்துவிடுவர். அந்நாளை இந்தியா தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருவது யாவரும் அறிந்ததே. எனினும், அப்பெரும் புகழ் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1919இல், ‘பிலொசொபிக்கல் மகசீன்’ என்னும் இலண்டன் சஞ்சிகையில் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கண்ணின் உள்ளே ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே அதன் பொருள். இராமன் வரலாறுகளில் இக்கட்டுரைக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் அதனை நடுவே வைத்துக்கொண்டு அவருடைய வாழ்வை நோக்கினால், முன்னும் பின்னும் கிடக்கும் செயல்கள் பல ஒரே நூலிற் கோக்கப்பட்டவைபோல் தோன்றுகின்றன. அந்த நூலைப் பிடித்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் போதிக்கும் ஆசிரியராக விசாகப்பட்டினத்திற்குச் சென்றமையால் இராமனுடைய இளமைக் கல்வி அங்கேயே நடைபெற்றது. பதினோராவது வயதில் மற்றிக்குலேஷன் பரீட்சையிற் சித்தியடைந்து, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904இல் பி.ஏ. பட்டத்தை முதலாம் இடத்தோடு பெற்றார். இங்கிலாந்து சென்று மேலும் படிக்கும்படி ஆசிரியர்கள் ஊக்கினர். சென்னையிலிருந்த அரசாங்க வைத்திய அதிகாரியோ, இந்த மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். அவ்வதிகாரிக்கு நாம் நன்றி கூறுதல் வேண்டும். கப்பலேறியிருந்தால் இராமன் கேம்பிரிட்ஜில் மற்றொருவருடைய ஆய்வுகூடத்தில் நல்ல மாணவராக விளங்கியிருப்பார். சென்னையிலே தங்கியதால் தமக்குத் தாமே ஆசிரியரானார்.

அந்நாட்களில் அவர் கையிற் கிடைத்த நூல்களுள் ஒன்று ஜேர்மானியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் ஒலியுணர்வைப் பற்றி எழுதியது. யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தோடும் புத்தர் பெருமானின் வரலாற்றைப் பாடும் ‘ஆசிய ஜோதி’யின் ஆங்கில மூலத்தோடும் ஒருங்கு வைத்து, தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக இராமன் அதனைப் பிற்காலத்திற் குறிப்பிட்டார். ஹெல்ம்ஹோல்ற்ஸ் செவியை மட்டும் ஆராய்ந்தவர் அல்லர். 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அமைத்து, கண் வைத்தியத்திற்கு அடிகோலியவரும் அவரே. கண்ணையும் செவியையும் பௌதிகக் கருவிகளாகக் கொண்டு, அவற்றின் திறத்தையும் குறையையும் அளந்து பார்க்கும் அம்மரபு இளைஞராகிய இராமனுடைய உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

மாநிலக் கல்லூரியில் ஒரு நாள் அரியத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண பரிசோதனையிலே ஈடுபட்டிருந்தபோது, ஒளி சாய்வாக விழும் இடத்தில் இருபுறமும் ஒவ்வாத மெல்லிய பட்டைகளை அவர் கண்டார். வகுப்பிலே எத்தனையோ பேருடைய கண்முன்னும் அவை தோன்றியிருக்கும். அளக்கச் சொன்னதை அளந்துவிட்டு மற்றவர்கள் போயிருப்பர். இராமன் அப்பட்டைகளின் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். 1906 நவெம்பரில் ‘பிலொசொபிக்கல் மகசீன்’ அதனை வெளியிட்டபோது அவருக்கு வயது பதினெட்டு.

1907இல் எம்.ஏ. பட்டம் பெற்று, நிதித்துறைப் பரீட்சையிலும் முதலாவதாகத் தேறி, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். கணக்குக் கந்தோரில் அவருடைய விஞ்ஞானம் புதைந்துபோயிருக்கலாம். ஆனால் ட்ராம் வண்டியிற் செல்லும்போது பௌபஜார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. டொக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கத்தின் பலகை அது. ஆசுதோஷ் தே என்பவர் கதவைத் திறந்துவிட, அன்று தொடங்கிக் காலையில் கந்தோருக்கு முன்னும் மாலையில் கந்தோருக்குப் பின்னும் இராமன் அங்கே உழைத்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911இல் கல்கத்தாவுக்கு மீண்டார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளமோ ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இராமன் தயங்காமல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். உத்தியோகமே புருஷ லட்சணம் என்று வளர்ந்த எம்மூர் இளைஞருக்கு இச்செய்தி வியப்பையே தரும்.

இனி அந்த 1919ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். அதற்கு முன் கண்ணைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்வதற்கில்லை.

இறைவனுடைய கைத்திறனுக்குக் கண்ணை உதாரணமாகக் காட்டுவது பிரசங்கிகளின் வழக்கம். மிஷன் பாடசாலையின் காலைப் பிரார்த்தனையிலும் கேட்டிருக்கிறோம், கோயில் மண்டபத்திலும் கேட்டிருக்கிறோம். ஹெல்ம்ஹோல்ற்ஸ் வேறு விதமாகச் சொன்னார். கருவி விற்பவன் ஒருவன் இத்தனை குறைகளோடு ஒரு கண்ணாடிக் கருவியைத் தம்மிடம் கொண்டுவந்திருந்தால் அவனைக் கண்டித்துத் திருப்பி அனுப்பியிருப்பார் என்பது அவருடைய தீர்ப்பு. இரண்டும் உண்மையே. ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுள்ள அச்சிறு உருண்டை, நண்பகல் வெயிலிலும் நட்சத்திர ஒளியிலும் வேலை செய்கிறது. அவ்வளவு பரந்த எல்லைக்குள் இயங்கும் கருவியை ஆக்குதல் எளிதன்று. ஆயினும் அதன் முன்புறத்து வெண்படலமும் உள்ளே இருக்கும் வில்லையும் ஒளியை ஒரே புள்ளியிற் குவிப்பதில்லை. ஓரத்தால் நுழையும் கதிர் ஓரிடத்திலும் நடுவால் நுழையும் கதிர் வேறிடத்திலும் குவியும். செந்நிறமும் ஊதாவும் ஒரே தளத்தில் விழா. சிலருடைய கண்ணில் கிடைக்கோடும் நிலைக்கோடும் ஒருங்கே தெளிவாகத் தோன்றா. இக்குறையை 1801இல் தமது சொந்தக் கண்ணிலேயே கண்டு விளக்கியவர் தோமஸ் யங். 1825இல் தமது கண்ணின் அதே குறையைத் திருத்த உருளை வடிவக் கண்ணாடியை வகுத்துச் செய்வித்தவர் வானநூலறிஞர் ஜோர்ஜ் ஏரி. கண்மணியைச் சுருக்கினால் இக்குறைகள் குறையும். மிகவும் சுருக்கினாலோ ஒளி விளிம்பிலே கோணிப் பரந்து வேறொரு மங்கலை உண்டாக்கும். இரண்டிற்கும் நடுவே, கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமாக இருக்கும்போதே பார்வை மிகக் கூர்மையாக இருக்கும்.

இவையெல்லாம் பார்வையை எவ்வாறு கெடுக்கின்றன? எழுத்து மங்கும், உருவம் கலங்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். நுணுகிப் பார்த்தால், கெடுவது பெரும்பாலும் ஒளிவேற்றுமையே. ஒரு பொருளை நாம் காண்பது அது வெளிச்சமாய் இருப்பதனால் மட்டுமன்று. தன் பின்னணியிலிருந்து ஒளியால் வேறுபட்டு நிற்பதனாலேயே காண்கிறோம். கரிய கோடும் வெள்ளைக் கோடும் மாறி மாறி வரைந்த தாளைக் கொள்க. குறையுள்ள கண்ணிலே வெள்ளைக் கோட்டின் ஒளி சிறிது பக்கத்துக் கருங்கோட்டின்மேல் வழியும். வெள்ளை சற்றுக் கறுக்கும். கறுப்பு சற்று வெளுக்கும். அகன்ற கோடுகளுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கோடுகள் நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றாகிச் சாம்பல் நிறமாகிவிடும். 1965இல் கேம்பிரிட்ஜில் கம்பெல், கிறீன் என்னும் இருவர் கண்ணின் வில்லையை ஏமாற்றி, ஒளியின் குறுக்கீட்டுக் கோடுகளை நேரே விழித்திரையிலே விழுத்திப் பார்த்தனர். கண்ணின் ஒளியியற் குறை பறிப்பது எவ்வளவு, விழித்திரையும் மூளையும் இழப்பது எவ்வளவு என்று அவ்வாறு பிரித்தறிய முடிந்தது.

இன்னொரு குறையும் உண்டு. அதுதான் இராமன் எடுத்துக்கொண்டது. கண்ணின் ஊடகங்கள் கண்ணாடிபோல் முற்றாகத் தெளிந்தவை அல்ல. வெண்படலத்திலும் வில்லையிலும் நுண்ணிய அமைப்புக்கள் நிறைந்துள்ளன. அவற்றின்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு நேர்வழியை விட்டு விலகி எப்புறமும் சிதறும். இருண்ட பின்னணியிலே சிறிய கூரிய விளக்கு ஒன்றைப் பார்த்தால், அதனைச் சுற்றி ஒரு பரிவேடமும், அதனூடே மயிரிழைபோல் வெளிநோக்கி ஓடும் கதிர்களும் தோன்றும். அப்பரிவேடம் விளக்கிலும் இல்லை, காற்றிலும் இல்லை, எமது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்பதும், ஒழுங்கின்றிப் பரந்து கிடக்கும் எண்ணிறந்த நுண்துகள்களால் ஒளி கோணுவதன் விளைவே அது என்பதும் இராமன் காட்டிய விளக்கம். ஒரே நிறமுள்ள ஒளியானால் பரிவேடம் புள்ளி புள்ளியாகத் தோன்றும். வெள்ளொளியில் ஒவ்வொரு நிறமும் தன் புள்ளியைச் சற்றுத் தள்ளி வைப்பதால் அப்புள்ளிகள் இழுபட்டுக் கதிர்களாகிவிடும். அப்போது அவரிடம் இருந்த முக்கிய கருவி ஒரு விளக்கும் தமது இரு கண்களுமே.

இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். இரவிலே தொலைவில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் விளக்கைப் பாருங்கள். அதைச் சுற்றிய வட்டம் தெரியும்போது, கையை நீட்டி, விளக்கை மட்டும் பெருவிரலால் மறையுங்கள். வட்டமும் உடனே மறைந்தால் அது கண்ணுக்குள் உண்டானது. மார்கழிப் பனியிலே காற்றில் உண்டான வட்டமாயின் விரலைச் சுற்றி அது நின்றுகொண்டே இருக்கும். விரலால் மறைத்த கணத்தில், விளக்கின் அருகே நின்ற ஆளின் முகம் திடீரெனத் தெளிவாவதையும் காணலாம். அந்த ஆள்மேல் விழும் வெளிச்சம் கூடவுமில்லை குறையவுமில்லை. எமது கண்ணுக்குள் விரிந்திருந்த ஒளித்திரை அகன்றுவிட்டது, அவ்வளவே.

இத்திரை எவ்வளவு கெடுதி செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சுவரின் வெளிச்சம் 100 பங்கு என்றும், அதன்முன் நிற்கும் கரிய உருவத்தின் வெளிச்சம் 5 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைப்போல் இருபது மடங்கு. இப்போது பக்கத்து விளக்கொன்று கண்ணுக்குள் 95 பங்கு ஒளியை இரண்டின்மேலும் சமமாகத் தூவுகிறது. சுவர் 195, உருவம் 100. இருபது மடங்கு வேற்றுமை இரண்டு மடங்கிற்கும் கீழாகிவிட்டது. ஒளி கூடக் கூடப் பார்வை தெளியும் என்னும் எமது எண்ணம் இவ்விடத்திலே பொய்த்துவிடுகிறது. 1920களில் அமெரிக்காவில் ஹொலடேயும் இங்கிலாந்தில் ஸ்ரைல்ஸும் இத்திரையின் அளவைக் கணித்து விதி கூறினர். கூசும் விளக்கிற்கும் நாம் பார்க்கும் பொருளுக்கும் இடையே உள்ள கோணம் இரட்டித்தால், திரை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது அவ்விதி. வீதி விளக்குகளை உயர்த்திக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்மூர் முதியவர்கள் சிலர், கோயிலில் தீபாராதனையின்போது சுவாமியின் முகம் தெரியவில்லை, தீபத்தை ஐயர் இறக்கிய பிறகே தெரிகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இருண்ட கர்ப்பக்கிருகத்திலே கரிய கல்லாலான திருவுருவம். அதன் முன்னே அடுக்குத்தீபம். இளைஞர் கண்ணுக்கு அத்தீபம் முகத்தைத் துலக்குகிறது. முதியவர் கண்ணுக்கோ அதே தீபம் முகத்தை மறைக்கிறது. கண்ணுக்குள் சிதறும் ஒளி 65 வயதளவில் இளமையிலிருந்ததைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கண்புரை தொடங்கினால் இன்னும் பன்மடங்காகும். இப்படிப்பட்டவரைக் கண் வைத்தியரிடம் கொண்டுசென்றால், சுவரிலே தொங்கும் எழுத்துப் பலகையை அவர் நன்றாக வாசித்துவிடுவதும் உண்டு. ஒல்லாந்தராகிய ஸ்நெலன் 1862இல் வகுத்த அப்பலகையில் வெண்மைமேல் முழுக் கறுப்பாக எழுத்துக்கள் நிற்கின்றன. கூசும் விளக்கும் எதிரே இல்லை. வீட்டாரோ, கண் நன்றாயிருக்கிறது, கிழவர் வீணாகப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டிவிடுவர். மாலை மங்கியபின் நெல்லியடிச் சந்திவரை போகவும் அவர் தயங்குவது மனத்தின் குறையன்று, கண்ணின் குறையே. ஒரே அளவான எழுத்துக்களை வரவர மங்கலாக்கி எழுதிய பலகை ஒன்றைப் பெல்லி, ரொப்சன் என்பவர்கள் 1988இல் அமைத்தனர். அதன்முன் நிறுத்தினால் இக்குறை வெளிப்பட்டுவிடும். இத்தோடு மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். முன்பு இல்லாத வானவில் நிற வட்டங்கள் விளக்கைச் சுற்றித் திடீரெனத் தோன்றி, கண்ணில் நோவும் சிவப்பும் கூட வந்தால், அது கண்ணழுத்த நோயின் அறிகுறியாகலாம். அந்நிலையில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இராமனிடம் மீள்வோம். 1921இல் ஒக்ஸ்போட்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மகாநாட்டிற்குச் சென்று, ‘நர்குண்டா’ என்னும் கப்பலிலே அவர் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்று றேலி பிரபு கூறியிருந்தார். கப்பற் பயணிகள் அந்நீலத்தை இரசித்திருப்பர். இராமனோ சட்டைப்பையிலிருந்து நிக்கல் அரியம் ஒன்றை எடுத்தார். நீரின் மேற்பரப்பிலிருந்து, செங்குத்துக்கு ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் தெறிக்கும் ஒளி ஒரு தளப்பட்டது. அரியத்தைத் தக்கவாறு திருப்பினால் அது அணைந்துவிடும். அவ்வாறு வானத்தின் தெறிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தபோது கடல் நிறமற்றுப் போகவில்லை; முன்னிலும் ஆழ்ந்த நீலமாக ஒளிர்ந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறி அந்நிறத்தைத் தருகின்றன என்று முடிவு செய்து, பம்பாய்த் துறைமுகத்திலேயே கப்பலிலிருந்தபடி ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு எழுதினார்.

கண்ணுக்குள்ளே சிதறல், கடலுக்குள்ளே சிதறல். இரண்டிடத்திலும் மேலே விரிந்து கிடக்கும் வலிய ஒளியை நீக்கினால்தான் அடியிலுள்ள மெலிந்த ஒளி தெரியும். இராமனுடைய கைவண்ணம் இதுவே என்பது எமது கருத்து. 1924இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரிலே சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய சாயல் ஒன்றைக் கண்டிருந்தார். நீரில் அழுக்கு இருக்கிறது என்று கருதி, திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அச்சாயல் போகவில்லை. பின்னர் வெங்கடேசுவரன் என்பவர் கிளிசரினிலே பச்சைச் சாயலைக் கண்டார். இவற்றைப் பின்தொடர்ந்து 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இராமனும், பாண்டி நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் இருட்டறைக்குள் இறங்கினர்.

அவர்கள் செய்த சோதனையின் எளிமை வியக்கத்தக்கது. 18 சென்ரிமீற்றர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றினாற் சூரிய ஒளியைக் குவித்து, தூய திரவம் நிறைந்த குடுவைக்குள் செலுத்தினர். கதிரின் வழியில் நீல ஊதாக் கண்ணாடி ஒன்று. அந்நிறம் தவிர மற்றவற்றை அது தடுத்துவிடும். அதனோடு மஞ்சட் பச்சைக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்தால் எவ்வொளியும் கடக்காது, முற்றும் இருள். இப்போது இரண்டாவது கண்ணாடியை மட்டும் எடுத்து, குடுவைக்கும் கண்ணுக்கும் இடையே வைத்தனர். சிதறும் ஒளி நிறம் மாறாததாயின், இன்னும் இருளே இருத்தல் வேண்டும். இருள் இல்லை. திரவத்தினூடே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று நின்றது. ஏறக்குறைய அறுபது திரவங்களில் அதனைக் கண்டனர். பெப்ரவரி 28ஆம் நாள் திருசியங்காட்டியால் நோக்க, புதிய ஒளி பழைய ஒளியிலிருந்து ஓர் இருண்ட இடைவெளியாற் பிரிந்து தனித்து நின்றது.

இரண்டாவது கண்ணாடியின் வேலையை எண்ணிப் பாருங்கள். புதிய ஒளி பழைய சிதறலில் மிகமிகச் சிறிய பங்கு. வலிய ஊதா ஒளி கண்ணுக்குள் புகுந்திருந்தால், இம்மெல்லிய ஒளி அதிலே மூழ்கிப்போயிருக்கும். 1919ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைத்துக்கொண்டுதான் இராமன் இதனைச் செய்தார் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் தமது கண் எதிலே தவறும் என்பதை முன்னரே ஆராய்ந்தறிந்த ஒருவருக்கு, எந்த ஒளியைக் கண்ணுக்கு எட்டாமல் தடுக்க வேண்டும் என்பது கைவந்த கலையாயிருந்ததில் வியப்பில்லை. ஒளிப்படத் தகட்டிலே பதிவதற்கு முன்பே, நோபல் பரிசுக்குரிய உண்மை மனிதக் கண்ணால் நேரே காணப்பட்டது. கிருஷ்ணனுடைய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பாரும் உளர். முதற் கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன, பரிசு ஒருவருக்கே சென்றது. அக்குறை எமக்கும் உண்டு.

1929இல் சேர் பட்டம். 1930இல் நோபல் பரிசு. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்திற்கு இந்தியர்களுள் முதல் இயக்குநராகச் சென்றார். 1934இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நிறுவினார். நிலையத்திலே எழுந்த பிணக்கினால் 1937இல் இயக்குநர் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அவர் பணிந்து போகும் இயல்பினரல்லர். அப்பிணக்கில் அவர் பக்கமே முழு நியாயமும் இருந்தது என்று சொல்ல முடியாது. அக்காலத்தில் அவரிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன் 1943இல், துகள்கள் நிறைந்த கண்ணாடித் தட்டினூடே தோன்றும் பரிவேடங்களின் புள்ளிகளை ஆராய்ந்தார். கண்ணுக்குள் கண்ட பரிவேடம் இவ்வாறு மேசைமேல் வந்தது. இந்திய வானிலைத் திணைக்களத்தின் சிம்லாக் கந்தோரிலே முன்னர் கடமையாற்றிய சேர் ஜோர்ஜ் சிம்சன் என்பவர், 1953இல், கண்ணில் எழும் பரிவேடங்களை வகைப்படுத்தி இங்கிலாந்துக் கண் வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார்.

1948இல் ஓய்வு பெற்ற இராமன் தமக்கென ஓர் ஆய்வு நிலையத்தைப் பெங்களூரிலே அமைத்துக்கொண்டார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது. நிலையத்தைச் சுற்றி ரோஜாத் தோட்டம். உள்ளே வைரங்களும் வண்ணத்துப்பூச்சிகளும் ஒளிரும் கற்களும். எழுபதைக் கடந்தபின் அவர் மீண்டும் கண்ணிடமே வந்தார். பூக்களின் நிறத்தைப் பற்றி 1963இல் எழுதத் தொடங்கி, பார்வையைப் பற்றிய தொடர் கட்டுரைகளாக வளர்த்து, 1968இல் பார்வையின் உடற்றொழிலியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே வெளியிட்டார். நிறக்கண்ணாடி ஒன்றினூடே வெண்திரையைச் சிறிது நேரம் உற்றுநோக்கி, கண்ணாடியைச் சட்டென அகற்றினால், திரையிலே தமது விழித்திரையின் வடிவமே தோன்றுகிறது என்றும், அதனால் விழித்திரையின் வேலையை அறியலாம் என்றும் எழுதினார். மூன்று அடிப்படை நிறவுணர்வுகளால் எல்லா நிறமும் அமைகின்றன என்ற யங், ஹெல்ம்ஹோல்ற்ஸ் ஆகியோரின் கொள்கையை மறுத்தார்.

இதிலே அவர் தவறினார் என்று சொல்லத்தான் வேண்டும். 1964இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினர் விழித்திரையின் தனித்தனிக் கூம்புகளுக்குள் ஒளியைச் செலுத்தி அளந்து, மூன்று வகையான நிறப்பொருள்கள் அங்கே இருப்பதைக் காட்டினர். இராமன் அதனை ஏற்கவில்லை. விஞ்ஞான உலகம் இராமனை ஏற்கவில்லை. இளமையில் தாம் போற்றிய ஹெல்ம்ஹோல்ற்ஸை முதுமையில் எதிர்க்கும் துணிவை வியக்கலாம். ஆனால் 1919ஆம் ஆண்டின் இராமன், தாம் கண்ட பரிவேடத்தில் எவ்வளவு வெளியுலகத்தது, எவ்வளவு தமது கண் சேர்த்தது என்று பிரித்துப் பார்த்தவர். 1960களின் இராமன் அக்கேள்வியைத் தம்மிடம் போதிய அளவு கேட்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது. எழுபது கடந்தோரின் கண்ணில் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைக் குறைப்பதும் சிதறலைக் கூட்டுவதும் பொது இயல்பு. ஒருவருடைய இரு கண்களை மட்டும் சாட்சியாகக் கொண்டு எல்லாருடைய பார்வைக்கும் விதி வகுப்பது அரிது. கண்ணுக்கு அப்பால் உள்ள ஒளியைக் கண்டறிய அவருக்குக் கண் போதியதாயிருந்தது. கண்ணையே கண்டறிய அது போதவில்லை. ஆயினும் எண்பது வயதிலும் நாள்தோறும் நிறக்கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, புதிய துறையில் முழு நூல் எழுதிய அவ்வூக்கத்தின் முன் எங்கள் சோம்பல் தலைகுனிய வேண்டியதே.

1970ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள், ஆண்டுதோறும் தமது நிலையத்தில் நிகழ்த்தும் காந்தி நினைவுச் சொற்பொழிவில், கண்ணை விட்டுச் செவியைப் பற்றிப் பேசினார். ஹெல்ம்ஹோல்ற்ஸின் ஒலி நூலிற் புகுந்த மாணவர் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த இடத்திற்கே வந்திருந்தார். அம்மாத இறுதியில் ஆய்வுகூடத்திலே மயங்கி விழுந்தார். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி, நிலையத்தின் எதிர்காலம் பற்றிக் கூறவேண்டியவற்றைக் கூறி, நவெம்பர் 21ஆம் நாள் காலையில் உயிர் நீத்தார். வயது எண்பத்திரண்டு. அவர் விரும்பியபடி ஆய்வு நிலையத்துத் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டு, அவ்விடத்தில் ஒரு மரம் நடப்பட்டது.